ஜெர்மனியில் மது அருந்தாத மாணவர், பீர் நீட்டப்படும்போது எப்படி மறுப்பது?

கேள்வி (முதுகலை மாணவர், ட்ரெஸ்டன்):
மதுரைக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து கடந்த அக்டோபரில் இங்கு படிக்க வந்தேன். எங்கள் ஊரில் மது என்றால் டாஸ்மாக் கடையும் அதனால் நிம்மதி இழந்த வீடுகளுமே நினைவுக்கு வரும். இங்கோ, ஆய்வகத் தோழர் ஒருவரின் ஆய்வேடு ஏற்கப்பட்ட மாலையில், பேராசிரியரே குளிர்பெட்டியிலிருந்து பீர் பாட்டில்களை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். வயிறு சரியில்லை என்று பொய் சொல்லித் தப்பினேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னபோது, உடன் படிக்கும் ஒருவர் அக்கறையோடு மருத்துவர் ஒருவரின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டார். அவமதிப்பாகத் தோன்றாமல் மறுப்பது எப்படி?

மறுமொழி (ஸ்டுட்கார்ட், ஆறு ஆண்டுகள்):
தம்பி, பொய்யே தேவையில்லை. "நான் மது அருந்துவதில்லை" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில் யாரும் காரணத்தைத் துருவியதில்லை. தமிழ்நாட்டில் 21 வயது வரை விலக்கப்பட்டது இங்கே 16 வயதிலேயே, பீருக்கும் வைனுக்கும் மட்டும், சட்டப்படி கிடைக்கிறது. காய்ச்சி வடித்த மதுவகைகளுக்குத்தான் 18 ஆக வேண்டும். பலர் முதல் பீரைப் பெற்றோரோடு அமர்ந்தே குடித்திருப்பார்கள் என்பதால், பேராசிரியர் அதை நீட்டுவது நம் ஊரில் ஆசிரியர் தேநீர் வாங்கித் தருவதைப் போன்றதுதான். இன்னொன்று, மது விற்கும் உணவகம் எதுவானாலும், மிக மலிவான மதுவைவிட விலை கூடாத மதுவற்ற பானம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று இந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லேயைக் கேளுங்கள். ஆனால் "ப்ரோஸ்ட்" என்று கோப்பைகளை மோதும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். பீரை மறுத்தது அவர்களுக்கு மறந்துவிடும், பார்வையைத் தாழ்த்தியது மறக்காது.

மறுமொழி (ஆய்வு மாணவி, மியூனிக்):
மேலே சொன்னது சரி, ஆனால் ஒரு திருத்தம். என்னை வற்புறுத்தியவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர், "இவ்வளவு தூரம் வந்துமா?" என்று கேட்டவர்கள் விடுதியில் இருந்த நம்மவர்களே. பெண்களுக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. நான் ஆப்ஃபெல்ஷோர்லே குடித்துக்கொண்டிருந்த படம் ஒன்று எப்படியோ அம்மாவின் கைப்பேசியை எட்ட, அதன் பொன்னிறத்தையும் நுரையையும் கண்டு வீட்டில் அது பீர் என்றே முடிவாகிவிட்டது! அன்றிலிருந்து எனக்கு ஆரஞ்சுச் சாறுதான். "மதுவற்றது" என்று விற்கப்படும் பீரிலும் 0.5 விழுக்காடு வரை ஆல்கஹால் இருக்கலாம் என்பதால், துளியும் வேண்டாம் என்பவர்கள் பாட்டிலில் ஒட்டிய சீட்டில் 0.0 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று உள்ளதைச் சொன்னேன். பேராசிரியர் "சரி" என்று தலையசைத்துவிட்டு, ஆப்பிளா ஆரஞ்சா என்று மட்டும் கேட்டார். வாங்கும்போது பாட்டிலுக்காகக் கட்டிய முன்வைப்புத் தொகையைத் திரும்பப் பெறக் காலி பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஒரு பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்.