1 கொரிந்தியர் 6:9: அந்த இரண்டு சொற்கள்

பெரேயன்:
போன ஞாயிறு வேதபாடம் வாசித்த தம்பி, ‘சுயபுணர்ச்சிக்காரரும்’ என்ற இடம் வந்ததும் குரலை விழுங்கிவிட்டார். அடுத்து வந்த ‘ஆண்புணர்ச்சிக்காரரும்’ மட்டும் கணீரென்று கேட்டது. தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்கள் என்று பவுல் சொல்லும் பட்டியல் இது. முதல் சொல் கிரேக்கத்தில் ‘மலக்கோய்’, மெல்லியவர்கள். மத்தேயு 11:8-இல் ‘மெல்லிய வஸ்திரம்’ என்று வருகிறதே, அங்கேயும் இதே சொல்தான். நம் பழைய மொழிபெயர்ப்பில் அது எப்படிச் சுயபுணர்ச்சி ஆனது? ஆங்கிலத்தில் 1946-இல் வந்த ஆர்.எஸ்.வி. என்ற வேத மொழிபெயர்ப்பு இரண்டு சொல்லையும் சேர்த்து ‘ஹோமோசெக்சுவல்ஸ்’ என்று போட்டது. 1971-இல் அவர்களே அதை மாற்றினார்கள். இப்படி ஆடுகிற சொல்லை வைத்து ஒருவரை நரகத்துக்கு அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

தெக்கோவா:
பிரதர், லத்தீன் வேதத்தில் அது ‘மொல்லெஸ்’. பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் காலத்திலேயே அந்த வகைச் சொல் சுயபுணர்ச்சியைக் குறித்தது. நம் மொழிபெயர்ப்பாளர்களும் அந்த வழியில்தான் வந்திருப்பார்கள் என்பது என் ஊகம். சரி, முதல் சொல்லை உங்களுக்கே விட்டுத்தருகிறேன். இரண்டாவது ‘அர்செனோகொய்தாய்’. அர்சென் ஆண், கொய்தே படுக்கை. லேவியராகமம் 20:13-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. வேதத்தைக் கரைத்துக் குடித்த பவுல் அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார். இதில் என்ன ஆட்டம்?

மார்த்தாள்:
சொல்லை உடைத்தால் அர்த்தம் கிடைத்துவிடுமா தம்பி? வாய்க்கால் என்றால் வாயும் காலுமா? இதே சொல்லை, சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூத்தர் ‘பையன்களைக் கெடுக்கிறவர்கள்’ என்று ஜெர்மனில் எழுதினார். அன்றைய ரோம ஊர்களில் எஜமான் அடிமைப் பையனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பவுல் கண்ணால் கண்டது அதைத்தான். இருவர் மனமொத்து ஆயுள் முழுக்கச் சேர்ந்து வாழ்வதை அவர் எங்கே பார்த்தார்?

தெக்கோவா:
அக்கா, வாய்க்கால் நல்ல அடி! ஆனால் ரோமர் 1:27-ஐ நிதானமாக வாசியுங்கள். ‘ஒருவர்மேலொருவர் விரகதாபத்தினாலே பொங்கி’ என்கிறார். தாபம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அடிமைப் பையனுக்கு எஜமான்மேல் என்ன தாபம்? முந்தின வசனத்தில் பெண்களும் வருகிறார்கள். அதைச் ‘சுபாவத்துக்கு விரோதமான’ என்கிறார். மத்தேயு 19-இல் விவாகரத்தைப் பற்றிக் கேட்டபோது இயேசுவே ஆதியில் ஆணும் பெண்ணுமாகப் படைத்ததற்குப் போனார். அந்த அஸ்திவாரத்தை நான் எப்படித் தாண்டுவது?

பெரேயன்:
ரோமர் 11:24-ஐயும் பாருங்கள். புறஜாதியாரைக் காட்டொலிவத்திலிருந்து வெட்டி நல்ல ஒலிவமரத்தில் ‘சுபாவத்திற்கு விரோதமாய்’ ஒட்டவைத்தது தேவன். கிரேக்கத்திலும் அதே ‘பாரா ஃபுசின்’. அதே நிருபம், அதே ஆள்.

தெக்கோவா:
அது ஒட்டுமரம், ஐயா. இது சரீரம். சொல் ஒன்றாக இருந்தால் போதுமா? அர்த்தத்தை இடம்தானே முடிவுசெய்கிறது?

மார்த்தாள்:
அதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன்! அப்புறம், அந்தக் கொரிந்தியர் பட்டியலின் அடுத்த வசனத்திலேயே பொருளாசைக்காரரும் இருக்கிறார்கள். அவர்களை விலக்கினால் எங்கள் சபைக் கமிட்டியில் கோரம் இருக்காது.

எங்கள் பாடகர் குழுவில் டெனர் பாடிய பையன் ஒருவன், இந்த வசனத்தில் பிரசங்கம் நடந்த வாரத்திலிருந்து வரவில்லை. அவனுடைய பாட்டுப் புத்தகம் இன்னும் மூன்றாவது பெஞ்சில்தான் கிடக்கிறது.

தெக்கோவா:
அவனைத் தேடிப் போனீர்களா? நானாக இருந்தால் போயிருப்பேன். ஆனால் வசனத்தை மாற்றிச் சொல்லியிருக்க மாட்டேன்.

மார்த்தாள்:
போனேன். காபி போட்டுக் கொடுத்தான். வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு எந்தப் பாட்டு எடுத்திருக்கிறீர்கள், டெனர் யார் பாடுகிறார்கள் என்று மட்டும் கேட்டான்.