மறு: 'ஆஃப்லைன்' பாடத்துக்கு ஒரு சொல் வேண்டும் (எஸ்பெராண்டோ கையேடு)

குழுவினருக்கு வணக்கம்.

உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவைக் கற்கத் தொடங்குபவர்களுக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். போனிலோ மின்னூல் கருவியிலோ போட்டுக்கொண்டு, இணையம் எட்டாத இடத்திலும் படிக்கக்கூடியவை எவை என்பதுதான் பொருள். முதல் பக்கத்திலேயே கால் இடறுகிறது. 'ஆஃப்லைன்' என்பதற்கு என்ன போடுவது?

கையேடு பிறந்த கதையைச் சொன்னால் சிக்கல் புரியும். போன மாதம் செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் ரயிலில் ஏறினேன். ஆரியங்காவு நெருங்கும்போது சிக்னல் போனது. போனில் இருந்த பாடச் செயலியும் கூடவே படுத்துக்கொண்டது. 'பதிவிறக்கப்பட்டது' என்று முந்தின நாள் ராத்திரி பச்சைக் குறி காட்டிய அதே பாடம், இப்போது மறுபடி உள்நுழையச் சொன்னது. உள்நுழைய இணையம் வேண்டும். மிச்ச வழி முழுக்க மலையைப் பார்த்துக்கொண்டு போனேன். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, அது வேறு.

ஊருக்குத் திரும்பியதும் தேடினேன். எஸ்பெராண்டோவுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. மொழியை உருவாக்கிய சாமென்ஹாஃப் 1905இல் வெளியிட்ட 'ஃபுண்டமென்டோ' இன்றைக்கும் அந்த மொழியின் அடித்தளம். 16 இலக்கண விதிகள், 42 பயிற்சிகள், ஓர் அகராதி. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, சின்னக் கோப்பாகக் கிடைக்கிறது. பெர்திலோ வென்னெர்கிரென் எழுதிய முழு இலக்கண நூலை அப்படியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆங்கி செயலியில் சொல் அட்டைகள். விக்கிப்பீடியாவின் எஸ்பெராண்டோப் பதிப்பைக் கிவிக்ஸ் என்ற படிப்புச் செயலியில் போட்டுக்கொள்ளலாம். இடம் போதாவிட்டால் படங்கள் இல்லாத கோப்பு இருக்கிறது. அகராதிக்கு ஆண்ட்ராய்டில் பிரேவோ செயலி.

சரி, இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக அத்தியாயத் தலைப்பு என்ன? உதவுங்கள்.

அன்புடன்,
தென்காசியிலிருந்து

- - -

தம்பிக்கு,

சொல் இருக்கும்போது எதற்குத் தேடுகிறாய்? வாட்ஸப்பில் சுற்றும் பட்டியலை நீயும் பார்த்திருப்பாய். வைஃபைக்கு அருகலை, ப்ளூடூத்துக்கு ஊடலை, ஆன்லைனுக்கு இயங்கலை, ஆஃப்லைனுக்கு முடக்கலை. ஒரே ஈற்றில் வரிசையாக அமைந்திருக்கிறது. புதிதாக ஒன்றை உருவாக்கினால் அது பத்தோடு பதினொன்றாகப் போகும். புழக்கத்தில் இருப்பதற்குத் தோள் கொடுப்பதுதான் நம் வேலை என்பது என் கருத்து.

ஈரோட்டிலிருந்து

- - -

வணக்கம்.

இலங்கையில் நாங்கள் ஒன்லைனுக்கு 'நிகழ்நிலை' என்று எழுதுவோம். 2024இல் வந்த சட்டத்தின் பெயரே நிகழ்நிலைக் காப்புச் சட்டம். (சட்டத்தைப் பற்றிய சண்டையை இங்கே கொண்டுவரவில்லை, சொல்லை மட்டும்தான்.) ஆனால் அதற்கு எதிர்ச்சொல் கேட்டால் நானும் திணறுவேன். 'நிகழாநிலை' என்றால் கலியாணம் நின்றுபோன வீடு மாதிரி இருக்கிறது. 'இணைப்பிலி' என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். பிழையில்லை, ஆனால் எனக்கு அநாதை என்று காதில் விழுகிறது.

கொழும்பிலிருந்து

- - -

அண்ணா, 'ஆஃப்லைன்' என்றே போட்டுவிடுங்கள், எல்லோருக்கும் புரியும். தமிழ்தான் வேண்டும் என்றால் 'கட்டுச்சோறு' என்று வையுங்கள். வழியில் கடை இருக்காது என்று வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவதுதானே? கட்டுச்சோற்றுப் பாடம், கட்டுச்சோற்று அகராதி. பாதி கிண்டல், பாதி நிஜம்.

திருச்சியிலிருந்து

- - -

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் யோசித்தேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> ஆஃப்லைனுக்கு முடக்கலை

ஐயா, எனக்கு இதில் இரண்டு தடை. ஒன்று, இயங்கலையும் முடக்கலையும் அலையைப் பற்றிப் பேசுகின்றன. என் போனில் இருக்கும் இலக்கண நூல் நண்பர் ஒருவர் கேபிளில் ஏற்றிக் கொடுத்தது. அதில் அலை எங்கே? இரண்டாவது தடை பெரிது. முடக்கம் என்றால் நம் மக்களுக்கு ஊரடங்கு, முடக்குவாதம், கணக்கு முடக்கம். 'முடக்கலை அகராதி' என்று தலைப்பில் கண்டால் வேலை செய்யாத அகராதி என்றுதான் படிப்பார்கள். நான் பேசுவது நேர் எதிரானதைப் பற்றி. எல்லாம் நின்ற பிறகும் வேலை செய்கிற அகராதி அது.

அப்போதுதான் பிடிபட்டது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. 'நான் ஆஃப்லைனில் இருக்கிறேன்' என்பது நிலை. 'ஆஃப்லைன் அகராதி' என்பது பொருளின் தன்மை. நிலையைச் சொல்லும்போது இல்லாததைச் சொல்கிறோம், இணைப்பு இல்லை என்று. பொருளைச் சொல்லும்போது இருப்பதைச் சொல்ல வேண்டும். அகராதி என்னிடம் இருக்கிறது என்பதுதான் அங்கே செய்தி. இவை இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் வேண்டும் என்று யார் சொன்னது?

எஸ்பெராண்டோக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். சொல்லாக்கம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'மல்' என்று முன்னால் ஒட்டினால் எதிர்ச்சொல் தயார்: போனா நல்லது, மல்போனா கெட்டது. ஆனால் இங்கே 'மல்' இல்லாமல் வேறு வழியிலும் போயிருக்கிறார்கள். சென்கொநெக்தா என்றால் இணைப்பு இல்லாத. எக்ஸ்தெர்ரேதா என்றால் வலைக்கு வெளியே உள்ள. இரண்டுமே இல்லாமையையும் வெளியையும்தான் சொல்கின்றன. டவுன்லோடுக்கு அவர்கள் வைத்த எல்ஷூதி எனக்கு ரொம்பப் பிடித்தது. 'எல்' என்றால் வெளியே, 'ஷூதி' என்பது தானியத்தையோ மணலையோ கொட்டுவது. மூட்டையிலிருந்து நெல்லைச் சரிக்கிற காட்சி. நாம் பதிவிறக்கம் என்று பத்திர அலுவலக வாசனையோடு நின்றுவிட்டோம்.

வேடிக்கை என்னவென்றால், 1997இல் தொடங்கிய அவர்களுடைய திறந்த அகராதியின் பெயர் 'ரேத்தா வொர்தாரோ', அதாவது வலை அகராதி. முன்னே சொன்ன பிரேவோவில் இருப்பது அதேதான். வலையே வேண்டாம் என்று பைக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் பெயரில் வலை தொங்குகிறது.

இணையம் வராத காலத்தில் இதற்கு என்ன பெயர்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எஸ்பெராண்டோவுக்குச் 'சாவி' என்று குட்டிப் புத்தகங்கள் பல மொழிகளில் வந்தன. இலக்கணமும் அடிப்படைச் சொற்களும் அடங்கிய, கடித உறைக்குள் நுழையும் அளவுப் புத்தகம். எஸ்பெராண்டோவில் கடிதம் எழுதி, பெறுபவரின் மொழிச் சாவியை உள்ளே வைத்து அனுப்பிவிடலாம். மொழி தெரியாதவரும் சாவியை வைத்துக்கொண்டு கடிதத்தை ஒருவாறு படித்துவிடுவார். கையில் அடங்கும், யாரையும் கேட்காது, எந்த ரயிலிலும் திறக்கும். அதை யாரும் 'இணைப்பில்லாச் சாவி' என்று அழைக்கவில்லை. இல்லாத ஒன்றை மறுத்துப் பெயர் வைக்க அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

அதனால் என் முன்மொழிவு: பொருளுக்குக் கையிருப்பு. கையிருப்புப் பாடம், கையிருப்பு அகராதி, கையிருப்பு ஒலிக்கோப்பு. நிலைக்கு வெறுமனே 'இணைப்பின்றி'. அதற்குக் கலைச்சொல்லே தேவையில்லை.

மளிகைக் கடையில் கேட்கும் சொல்தான். 'கையிருப்பு இருக்கா?' என்றால் இப்போதே, இங்கேயே எடுத்துக் கொடுக்க முடியுமா என்று அர்த்தம். 'பதிவிறக்கிய பாடம்' ஏன் போதாது என்பதற்கும் இதுவே பதில். ஆரியங்காவில் என் பாடம் பதிவிறக்கப்பட்டுத்தான் இருந்தது, கையிருப்பில் இல்லை. நண்பர் கேபிளில் ஏற்றிக் கொடுத்த இலக்கண நூலோ கையிருப்பு, ஆனால் நான் பதிவிறக்காதது.

> கட்டுச்சோறு என்று வையுங்கள்

தம்பி, இதை விட மனசே வரவில்லை. படம் அத்தனை பொருத்தம். ஆனால் கட்டுச்சோறு ஒரு வேளைக்கு, மறுநாள் ஊசிப்போகும். அகராதிக்கும் அது ஓரளவு உண்மைதான். வலையில் இருக்கும் பதிப்பைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், நம் பிரதி அப்படியே நிற்கும். கையேட்டில் ஒரு பெட்டிச் செய்திக்கு 'கட்டுச்சோறு ஊசிப்போகாமல்' என்று தலைப்பு வைத்து உன் சொல்லைத் திருடிக்கொள்கிறேன்.

பேச்சு வந்ததால் இரண்டு தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் குழுவுக்குப் பழகினவைதான். எஸ்பெராண்டோவில் ஆறு எழுத்துகளுக்குத் தலையில் குறி உண்டு, ஐந்துக்குத் தொப்பி, ஒன்றுக்குப் பிறை. பழைய கருவிகள் சிலவற்றில் அந்த இடத்தில் வெறும் கட்டம் தெரிகிறது. அதற்காக எழுத்துக்குப் பின்னால் எக்ஸ் போட்டு எழுதும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி எழுத்துக்குறியீட்டுக் காலத்தில் அல்லாடியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மற்றது அகராதியில் தேடுவது. மின்னூல் கருவியில் கேஓரீடர் என்ற படிப்புச் செயலியைப் போட்டு, ஸ்டார்டிக்ட் வடிவ அகராதியைச் சேர்த்தேன். நூலில் 'லிப்ரோய்ன்' என்ற சொல்லைத் தொட்டால் 'கிடைக்கவில்லை' என்கிறது. 'லிப்ரோ' புத்தகம், அதன் மேல் பன்மை விகுதி, அதற்கும் மேல் இரண்டாம் வேற்றுமை, மொத்தத்தில் 'புத்தகங்களை'. 'வீடுகளை' என்று தட்டினால் 'வீடு' வராத அதே கதை. விகுதியைக் கையால் அழித்துத் தேட வேண்டியிருக்கிறது. ஆறுதல் என்னவென்றால், எஸ்பெராண்டோவில் விகுதிகளுக்கு விதிவிலக்கே கிடையாது. அழிக்க வேண்டியது எது என்று ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

சொல்லுக்குத் திரும்புவோம். ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

தென்காசியிலிருந்து

- - -

> பொருளுக்குக் கையிருப்பு

2022இல் நாங்கள் காலையில் பத்திரிகையை விரித்தால் முதல் சொல்லே கையிருப்புத்தான். டொலர் கையிருப்பு, எரிபொருள் கையிருப்பு. எப்போது தீரும் என்ற பயத்தோடேயே அந்தச் சொல்லை வாசித்துப் பழகிவிட்டோம். எனக்கு இது கொஞ்சம் நாள் உறுத்தும்.

ஆனாலும் புரிகிறது. யாருக்கும் விளக்கக் குறிப்பு தேவைப்படாது, அது பெரிய விஷயம். ஒரு கேள்வி: செயலியின் பொத்தானில் என்ன எழுதுவீர்கள்? 'கையிருப்பு' என்று மட்டும் போட்டால் வங்கிச் செயலி என்று நினைத்துத் தொட்டுவிடுவார்கள்.

கொழும்பிலிருந்து

- - -

அக்கா, அது நியாயமான பயம். பொத்தானில் வினையோடு வைக்கலாம்: 'கையிருப்பில் வை', 'கையிருப்பிலிருந்து நீக்கு'. இருப்பு என்று தனியாக எங்கும் வராது. வங்கிச் செயலிகளைத் தமிழாக்குகிறவர்கள் இந்தப் பக்கம் வந்து சண்டை போட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

தென்காசியிலிருந்து

- - -

தம்பிக்கு,

முடக்கலையை முழுசாக விட்டுவிட மனமில்லை. ஆனால் நிலை வேறு, பொருள் வேறு என்று நீ பிரித்தது சரி. அகராதிக்கு அந்தச் சொல் பொருந்தாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கையேட்டில் உன் விருப்பப்படி போடு.

ஒன்றே ஒன்று. முதல் வரைவை எனக்கு அனுப்பியிருந்தாயே, அதன் தலைப்பில் 'கையிருப்பு பாடங்கள்' என்று இருக்கிறது. வன்தொடர்க் குற்றியலுகரம், வலி மிகும். அச்சுக்குப் போகுமுன் நடுவே 'ப்' என்ற ஒற்றைப் போட்டுவிடு.

ஈரோட்டிலிருந்து