வீடியோக்கு கீழ ஓடுற கோடு ஸ்பாய்லரா இல்லையா?

பேக்ஹேண்ட் பாலா:
நேத்து ஒரு மகான் இங்க எழுதிட்டு போயிருக்காரு, போனை மட்டும் ஆஃப் பண்ணிட்டா போதுமாம், மறுநாள் காலைல முழு மேட்ச்சையும் லைவ் மாதிரியே பாக்கலாமாம், 2023 ஐபிஎல் ஃபைனலை அப்படித்தான் பாத்தாராம். அதுக்கு கீழ ஆளாளுக்கு "சூப்பர் தல" வேற. ஏங்க, வீடியோக்கு கீழ ஒரு கோடு ஓடுதே, அது யாரு கண்ணுக்குமே தெரியலையா? இன்னும் எவ்வளவு பாக்கி இருக்குன்னு அதுவே சொல்லிடுது, முடிவ முன்னாடியே போட்டு உடைக்கிற ஸ்பாய்லர் அது, அப்புறம் என்ன லைவ் மாதிரி?

ஷிப்ட் நாகு:
அந்த மகான் நான்தான், பேரு சொல்லியே கேக்கலாம். மே 28ஆம் தேதி ஆட்டமே மழையில போச்சு, மறுநாளும் சென்னை மூணு பந்து ஆடினதும் மழை, 15 ஓவர்ல 171னு மாத்தி நடுராத்திரிக்கு மேலதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. நான் டூட்டில, போன் லாக்கர்ல. காலைல வந்து உக்காந்தேன். கடைசி ரெண்டு பந்துல பத்து ரன் வேணும், மோஹித் சர்மா ஓடி வர்றாரு, எனக்கு கை நடுங்குது. ஜடேஜா ஒரு சிக்ஸ் ஒரு ஃபோர் அடிப்பாருன்னு உங்க கோடு வந்து சொல்லுச்சா?

சேப்பாக்கம் சிங்கம்:
கோடாவது கீடாவது. எங்க தெருவுல ஒன்றரை மணிக்கு போட்டான் பாருங்க சரவெடி, அதான் ஸ்பாய்லர். ஆப்ல எப்பவும் டிவிய விட லேட்டாத்தான் வரும், மாடி வீட்ல "ஓ"ன்னு கத்தி முடிச்சப்புறம்தான் என் போன்ல பவுலர் பந்தையே துடைப்பாரு.

பேக்ஹேண்ட் பாலா:
சிங்கம், அது லைவ் பாக்குறவன் கஷ்டம், இங்க பேச்சு ரெக்கார்டு பத்தி. நாகு சாருக்கு கிரிக்கெட்ல சொன்னா புரியாது போல. 2019 விம்பிள்டன் ஃபைனல எடுத்துக்குங்க, 4 மணி 57 நிமிஷம். மூணு செட்டு எடுத்தவன் ஜெயிச்சான், அதுல ஜோகோவிச் ரெண்டு செட்டு, ஃபெடரர் ஒண்ணு. நாலாவது செட் ஆரம்பிக்குது, கோட்ட பாத்தா இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல பாக்கி. அப்ப அந்த செட்டு ஃபெடரருக்குத்தான்னு சின்ன புள்ளைக்கும் தெரிஞ்சுடும்ல? அதவிட கொடுமை அஞ்சாவது செட்டு. 8-7, 40-15, ஃபெடரர் சர்வ், கையில ரெண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட், அதுல ஒண்ணு எடுத்தாலே கப்பு. லைவ்ல பாத்தவன் உசுர கையில புடிச்சிட்டு இருந்தான். ரெக்கார்டுல பாக்குறவன் கீழ பாக்குறான், கோடு இன்னும் நீளமா கிடக்கு. முடிஞ்சுது கதை, தலைவர் கோட்டை விடப்போறாருன்னு தெரிஞ்சுபோச்சு.

ஷிப்ட் நாகு:
மேட்ச் முடிஞ்சதும் பரிசளிப்பு, பேட்டி எல்லாம் அதே வீடியோலதான் ஓடும். பாக்கி கிடக்கறது ஆட்டமா பேட்டியான்னு உங்களுக்கு மட்டும் எப்படி தெரியுது?

பேக்ஹேண்ட் பாலா:
பரிசளிப்பு எவ்வளவு நேரம் ஓடும்னு ஒரு குத்துமதிப்பு இருக்குல்ல, அத கழிச்சுப் பாருங்க.

ஷிப்ட் நாகு:
ஆட்டம் பாக்க உக்காந்தீங்களா இல்ல ஆடிட் பண்ண உக்காந்தீங்களா?

மதுரை மீனா:
ரெண்டு பேரும் சண்டை போடுங்க, வேணாம்னு சொல்லல. எனக்கு கோடு வரைக்கும் போற பாக்கியமே கிடைச்சதில்ல. ஆப்ப தொறந்தாலே கப்ப தூக்கிட்டு நிக்கிற போட்டோதான் முதல்ல வரும். அப்புறம் ஃபேமிலி குரூப்ல மாமா, "ஜெயிச்சுட்டோம்"னு பத்து பொம்மையோட.

பேக்ஹேண்ட் பாலா:
போட்டோ வேற மேட்டரு மேடம். நான் கோட்ட பத்தி மட்டும்தான் கேக்குறேன்.

கோவை குசும்பன்:
ஆர்சிபி மேட்ச்சுக்கு கோடும் வேணாம் போட்டோவும் வேணாம், ரிசல்ட் முன்னாடியே தெரியும் ஹிஹி

ஈ சாலா ரவி:
யோவ், 2025லயே கப் அடிச்சாச்சு, இன்னுமா அதே ஜோக்கு? எந்த வருஷத்து ரெக்கார்டுயா ஓட்டிட்டு இருக்க?

சேப்பாக்கம் சிங்கம்:
ஒண்ணுக்கே இந்த ஆட்டமா? எங்ககிட்ட அஞ்சு இருக்கு.

ஈ சாலா ரவி:
அஞ்சாவது ஜடேஜா வாங்கி குடுத்தது. உங்க தல தோனி அன்னிக்கு முதல் பந்துலயே அவுட்டு.

சேப்பாக்கம் சிங்கம்:
கேப்டன் யாருன்னு பாத்துட்டு பேசு.

மதுரை மீனா:
ஸ்க்ரீனுக்கு கீழ ஒரு அட்டைய ஒட்டி மறைச்சுட்டா போச்சு, எதுக்கு இவ்வளவு பஞ்சாயத்து?

பேக்ஹேண்ட் பாலா:
விளம்பரத்த ஓட்டணும்னா அட்டைய எடுக்கணும்ல? ரிமோட்ட தொட்டாலே அந்த சனியன் மேல வந்து நிக்கும். அதுவுமில்லாம மறைக்கணும்னு நீங்களே சொல்றீங்கன்னா அது ஸ்பாய்லர்னு ஒத்துக்கிட்டதா தானே அர்த்தம்? நாகு சார் கவனிக்கவும்.

மதுரை மீனா:
நான் எதையும் ஒத்துக்கல, என்னை ஏன் சாட்சிக்கு இழுக்குறீங்க?

ஷிப்ட் நாகு:
பாலா, இது கோட்டு சண்டையே இல்ல, போன சீசன் ஃபேன்டஸி லீக்ல உங்கள முந்தினதுல இருந்து நான் என்ன எழுதினாலும் பின்னாடியே வர்றீங்க. அப்புறம் இன்னொண்ணு, 2019ல அதே ஜூலை 14தான் லார்ட்ஸ்ல வேர்ல்டு கப் ஃபைனல், சூப்பர் ஓவரும் டை ஆன நாளு. அத விட்டுட்டு எவன் டென்னிஸ் பாத்தான்?

ஈ சாலா ரவி:
அத ஏன்பா ஞாபகப்படுத்துற. பவுண்டரிய எண்ணி இங்கிலாந்துக்கு கப் குடுத்தானுங்க, 26க்கு 17னு. நியூசிலாந்து கேப்டன் வில்லியம்சன் மூஞ்சிய இன்னும் மறக்க முடியல.

கோவை குசும்பன்:
ரூல் முன்னாடியே எழுதி வெச்சதுதானே, தோத்தப்புறம் என்ன புலம்பல்?

ஈ சாலா ரவி:
அவ்ளோ நல்ல ரூல்னா எதுக்கு அப்புறம் தூக்கினாங்களாம்?

பேக்ஹேண்ட் பாலா:
ஃபேன்டஸி லீக்ல நீங்க முந்தினது லக்குல, அத வேணா தனியா பேசுவோம். லார்ட்ஸ இழுத்து திசை திருப்பாதீங்க. லார்ட்ஸ் பாத்தவன்தான் விம்பிள்டன ரெக்கார்டு போட்டான், நான் உட்பட! அதனாலதான் கேக்குறேன். 8-7, 40-15, கோடு நீளமா கிடக்கு. தெரியுமா தெரியாதா?

ஷிப்ட் நாகு:
டூட்டிக்கு நேரமாச்சு. நீங்க கோட்டையே பாத்துட்டு இருங்க, நான் ஆட்டத்த பாத்துக்கறேன்.

பேக்ஹேண்ட் பாலா:
பதில் சொல்லிட்டு டூட்டிக்கு போங்க சார். தெரியுமா, தெரியாதா?