கலைச்சொல் தேவை: ரீபேட்ரியேஷன் (அருங்காட்சியகத் துறைக்கு)

அன்பர்களே, வணக்கம்.

வட அமெரிக்கத் தொல்குடிகளின் கலைப்பொருள்களை அருங்காட்சியகங்கள் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் கையேடு ஒன்று தமிழாகிறது. பக்கத்துக்குப் பக்கம் 'ரீபேட்ரியேஷன்' வருகிறது. அகராதி தரும் 'தாயகம் திரும்பல்' உதவவில்லை. அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கிறார்கள்: 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்கிறோம். (ரெப்கோ வங்கியின் 'ரெப்' இதே ஆங்கிலச் சொல்லின் தலை.) மேலும், தாயகம் என்றால் நாடு. டென்வர் அருங்காட்சியகத்திலிருந்து நியூ மெக்சிகோவில் சூனி என்னும் தொல்குடி ஊருக்குப் போகும் பொருள் எந்த நாட்டெல்லையையும் தாண்டுவதில்லை.

கையேட்டின் அடிப்படை, தொல்குடிக் கல்லறைகளின் பாதுகாப்பு, ரீபேட்ரியேஷன் பற்றிய 1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், சுருக்கமாக நாக்ப்ரா. கூட்டாட்சி நிதி பெறும் அருங்காட்சியகம், தன்னிடமுள்ள முன்னோர் எச்சங்கள், கல்லறைப் பொருள்கள், வழிபாட்டுப் பொருள்கள், குடிக்குப் பொதுவான மரபுடைமைகள் ஆகியவற்றின் மீதுள்ள பிடியை நேர்வழி வாரிசுகளுக்கோ குடிக்கோ விட்டுக்கொடுப்பதே அதில் ரீபேட்ரியேஷன். வரிசை இப்படி: பட்டியலிடல், குடியோடு கலந்தாய்வு, அரசிதழில் அறிவிப்பு, குறைந்தது 30 நாள் காத்திருப்பு, எழுத்தில் உரிமையை விடல், பிறகு பொருளை எடுத்துச்செல்ல ஏற்பாடு. கடைசி இரண்டும் வெவ்வேறு படிகள். ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் கையேடு குழம்பும்.

என் முன்மொழிவு: மீளளிப்பு.

— இரா.வே.

-----

> என் முன்மொழிவு: மீளளிப்பு.

நாளிதழ் வாசகருக்கெல்லாம் தெரிந்த 'மீட்பு' இருக்க, புதுச்சொல் எதற்கு? 'சிலை மீட்பு' என்று தினமும் படிக்கிறோம். பத்தூர் நடராசர் 1991இல் லண்டனிலிருந்து வந்ததும், ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததும் மீட்புதானே? 'பழங்குடிக் கலைப்பொருள் மீட்பு' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

— க.மு.

-----

க.மு. ஐயா, 'சிலை மீட்பு' நல்ல சொல். ஆனால் அது களவுக்குப் பிந்திய சொல். கோயிலிலிருந்து திருடப்பட்டது என்று நிறுவினோம், திரும்ப வாங்கினோம். நாக்ப்ராவில் வழக்கு பெரும்பாலும் களவைப் பற்றியது அல்ல.

சூனி மக்களின் அகாயூடாவை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் செதுக்கிய போர்த்தெய்வ உருவங்கள். கூரையில்லாத கோயிலில் வெயிலிலும் மழையிலும் இற்று மண்ணாவதுதான் அவற்றின் வேலை. இவை ஊர் முழுமைக்கும் உரியவை. தனி ஒருவர் விற்றிருந்தாலும் அந்த விற்பனை செல்லாது என்பது சூனிகளின் வாதம். டென்வர் கலை அருங்காட்சியகம் இதை ஏற்று 1980இல் திருப்பிக்கொடுத்தது. அப்போது நாக்ப்ராவே பிறக்கவில்லை. ரசீது வைத்திருக்கும் அருங்காட்சியகத்தையும் இந்தக் கேள்வி விடாது. 'மீட்பு' என்று எழுதினால் தமிழ் வாசகர் திருடனைத் தேடத் தொடங்குவார்.

இன்னொன்று. பத்தூர் நடராசர் நாட்டுக்கு வந்து நெடுங்காலம் இருந்தது திருவாரூர்ச் சிலைப் பாதுகாப்பு மையத்தில். நாட்டுக்கு வருவதும் உரியவரிடம் வருவதும் ஒன்றல்ல என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது.

— ந.செ.

-----

'மீளளிப்பு' எனக்கு உறுத்துகிறது. அளி என்றாலே அருள். ஈ, தா, கொடு மூன்றுக்கும் கேட்பவர் நிலையை வைத்து வேறுபாடு சொன்ன மொழி இது. உரியவரிடம் போகவேண்டியதை அருங்காட்சியகம் 'அளித்தது' என்றால், வள்ளல் பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

சட்டத்தின் வினை 'விடுதல்'. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பங்குரிமையை விட்டுக்கொடுப்பவர் எழுதித்தருவது 'விடுதலைப் பத்திரம்'. எழுத்தில் உரிமையை விடும் அந்தப் படிக்கு 'உரிமை விடுவிப்பு' அப்படியே உட்கார்கிறது. பதிவு எழுத்தர் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

(கரந்தை என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். ஆநிரை மீட்டல். அழகுதான், ஆனால் அருங்காட்சியகக் காப்பாளர் கரந்தைப் பூச்சூடிக் கிளம்ப மாட்டார்.)

— த.பூ.

-----

கரந்தையைச் சிரித்துத் தள்ளவேண்டாம் அம்மா. அதே கருத்து கனடாவில் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் அலர்ட் பேயில் குவாக்வாக்கேவாக் மக்களின் பண்பாட்டு மையத்துக்கு 'உமிஸ்தா' என்று பெயர். முற்காலத்தில் தாக்குதலில் பிடிபட்டவர்கள், மீட்புப்பணத்தாலோ எதிர்த்தாக்குதலாலோ வீடு வந்து சேர்ந்தால் அவர்களுக்கு 'உமிஸ்தா' கிடைத்தது என்பார்கள். பொட்லாட்ச் என்னும் கொடைவிழாவைக் கனடா 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடுத்திருந்தது. 1921இல் டான் கிரான்மர் நடத்திய பெரிய பொட்லாட்சுக்குப் பிறகு வழக்குப் போட்டார்கள். முகமூடிகளையும் செப்புத்தகடுகளையும் ஒப்படைத்தால் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்றார்கள். ஒப்படைத்தவை ஒட்டாவாவுக்கும் டொரான்டோவுக்கும் போயின. ஒரு பகுதியை நியூயார்க்கின் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹே வாங்கிக்கொண்டார். இதற்குக் களவு என்றும் பெயர் இல்லை, விற்பனை என்றும் பெயர் இல்லை. ஒட்டாவா திருப்பித் தர இசைந்தபோது, வைக்கக் கட்டடம் கட்டவேண்டும் என்று நிபந்தனை போட்டது. அதனால் கேப் மட்ஜில் 1979இலும் அலர்ட் பேயில் 1980இலும் இரண்டு மையங்கள் எழுந்தன. உமிஸ்தாவில் அந்த முகமூடிகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கவில்லை. போதிய காலம் அடைபட்டுக் கிடந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு.

மீட்பு என்றால் செய்பவர் வேண்டும். மீட்சி என்றால் வருவதே போதும். பொதுச்சொல்லாக 'மீட்சி'யை வைப்போம்.

2005இல் பிரிட்டிஷ் மியூசியம் தன்னிடமிருந்த முகமூடி ஒன்றை உமிஸ்தாவுக்குத் தந்தது நெடுங்கால ஏற்பாட்டில்தான். 1963ஆம் ஆண்டுச் சட்டம் அதன் தொகுப்பிலிருந்து பொருளை நீக்குவதை மிகவும் குறுக்கிவைத்திருக்கிறது. இதைக் கையேட்டு வரைவில் 'நெடுங்காலக் கடன்' என்று பார்த்தேன். கடன் வாங்கிய அரிசிக்கு வேறு அரிசி தரலாம். இரவல் வாங்கிய நகையை அதே நகையாகத்தான் தரவேண்டும். 'நெடுங்கால இரவல்' என்று திருத்துங்கள். இரவல் மீட்சி ஆகாது என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

— யோ.

-----

பாதுகாப்பு வேதியியல் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். பொருள் கைமாறும் படிக்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் நச்சு அறிக்கை அந்தப் படியோடு சேர்ந்தது. இலங்கை வழக்கான 'கையளிப்பு' இருக்கட்டும். த.பூ. அவர்களின் 'அளி' மறுப்பு இங்கே ஓடாது. சாவி கையளிப்பதில் அருள் ஏதுமில்லை.

தோல், இறகு, மயிர் உள்ள பொருள்களில் பூச்சி அரிக்காமலிருக்க அருங்காட்சியகங்கள் ஆர்சனிக் சோப்பு, ஆர்சனிக் தூள், பாதரசக் குளோரைடு பூசிவந்தன. பேழைக்குள் இருக்கும்வரை அது ஊழியர் சிக்கல். திரும்பிப்போனால் முகமூடி முகத்தில் ஏறும், வியர்வை படும், பிள்ளைகள் தொடுவார்கள். அரிசோனாவின் ஹோப்பி மக்களுக்குத் திரும்பிவந்த சடங்குப் பொருள்களில் ஆர்சனிக் இருந்தது தெரிந்த பிறகுதான் துறை விழித்தது. தெரிந்த பூச்சிக்கொல்லி விவரத்தைப் பெறுவோருக்குச் சொல்வது நாக்ப்ரா விதிகளின்படி கடமை.

சோதனைப் பகுதியின் மொழிபெயர்ப்பில் கவனம் தேவை. கையடக்க எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவி தனிமத்தைச் சொல்லும், சேர்மத்தைச் சொல்லாது. ஆர்சனிக்கின் முதன்மைக் கோடும் ஈயத்தின் ஒரு கோடும் 10.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அருகே ஒன்றன்மேல் ஒன்று விழும். ஈய வண்ணம் பூசிய முகமூடியை 'ஆர்சனிக் உண்டு' என்று எழுதிவிடுவார்கள். 11.7இல் ஆர்சனிக்கின் அடுத்த கோடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பாதரசம் காட்டினாலும் அது பூச்சிமருந்தாக இல்லாமல் பாதரசமுள்ள சாதிலிங்கச் சிவப்பு வண்ணமாக இருக்கலாம். டிடிடி, நாப்தலீன் போன்ற கரிமச் சேர்மங்கள் இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. எனவே 'நச்சு நீங்கியது' என்று வரைவில் இருப்பது தவறு. 'கருவி காணவில்லை' என்பதே மூலத்தின் பொருள். தூசி தட்டினால் கொஞ்சம் குறையும். இறகின் இழைகளுக்குள் போனது போகாது.

— சு.

-----

அனைவருக்கும் நன்றி. 'மீளளிப்பு' கைவிடப்படுகிறது. கையேட்டில் போவது:

பொதுச்சொல்: மீட்சி. 'உடைமை மீட்சி' என்று எல்லாவற்றுக்கும் போட நினைத்தேன், ந.செ. தனிமடலில் தடுத்தார். எலும்புகளை உடைமை என்று எழுதினால் அந்தச் சட்டம் பிறந்த காரணத்தையே மறுத்ததாகும். ஆக, எச்சங்களுக்கு 'முன்னோர் மீட்சி', பொருள்களுக்கு 'உடைமை மீட்சி'.

எழுத்தில் உரிமையை விடுவது: உரிமை விடுவிப்பு. பொருள் கைமாறுவது: கையளிப்பு. பிரிட்டிஷ் மியூசியம் வகை ஏற்பாடு: நெடுங்கால இரவல். குடிக்குப் பொதுவான, யாரும் விற்கமுடியாத பொருள்: பொது மரபுடைமை.

2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளில், காட்சிக்கு வைக்கும் முன் குடியின் ஒப்புதல் வேண்டும் என்ற பகுதிக்கு 'முன்னொப்புதல்'. அந்த மாதம் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு கூடங்களை மூடியது இந்த விதியால்தான், அடிக்குறிப்பில் சேர்க்கிறேன்.

ஒன்று மிஞ்சுகிறது. ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்திலிருந்து 2023இல் கனடாவின் நிஸ்கா மக்களிடம் போன 11 மீட்டர் நினைவுத்தூணை அவர்கள் 'ரீமேட்ரியேஷன்' என்றார்கள். தாய்வழிச் சமூகம், 'பேட்ரியா' (லத்தீனில் தந்தைநாடு) என்பதை உள்ளே வைத்த சொல்லை ஏற்கவில்லை. நம் 'தாயகம்' முதலிலேயே தாயை வைத்திருப்பதால் அந்த மறுப்பு தமிழில் தெரியாமல் போகிறது. 'தாய்வழி மீட்சி' சரியா? 'மீட்சி' என்றே விட்டு அடிக்குறிப்பு போடலாமா?

— இரா.வே.

-----

'தாய்வழி மீட்சி' என்றால் தாய்வழியாக வந்த மீட்சி என்றாகும். 'தாய்க்குடி மீட்சி' என்று போடுங்கள். தூண் போய்ச்சேர்ந்தது ஒரு தாய்க்குடியிடம்தான்.

— த.பூ.