மறு: டிஸ்ப்ளே மேனேஜர் – 'புகுமுகம்' என்று வைத்தால்?

> டிஸ்ப்ளே = காட்சி, மேனேஜர் = மேலாளர். 'காட்சி மேலாளர்' என்றே போட்டுவிடலாமே?

வணக்கம் அண்ணா. லினக்ஸ் கணினியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு உள்ளே விடும் நிரல்தான் டிஸ்ப்ளே மேனேஜர், அதற்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நீங்கள் சொன்னது சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அதைப் பார்ப்பவர் திரையின் வெளிச்சத்தையும் அளவையும் மாற்றுகிற இடம் என்றுதான் நினைப்பார். 1988-இல் எக்ஸ்டிஎம் என்ற டிஸ்ப்ளே மேனேஜர் வந்தபோது டிஸ்ப்ளே என்றால் வெறும் திரை இல்லை. திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் என்ற அமைப்பின் வழக்கில் ஒருவர் முன்னால் இருக்கும் திரை, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு டிஸ்ப்ளே. அங்கே வந்து உட்காருபவர் யார், கடவுச்சொல் சரியா என்று பார்த்து உள்ளே விடுவது, அவர் வெளியேறியதும் அடுத்தவருக்காக மறுபடி வந்து நிற்பது, இதுதான் டிஸ்ப்ளே மேனேஜரின் வேலை. இன்றைய டிஸ்ப்ளே மேனேஜர்களான ஜிடிஎம், எஸ்டிடிஎம் செய்வதும் அதேதான், கூடவே எந்தப் பணிச்சூழல் வேண்டும் என்றும் கேட்கும்.

'நுழைவாயில்' எனக்கும் பிடிக்கும், ஆனால் வலையமைப்புகளை இணைக்கும் கேட்வேக்கு அதைக் கொடுத்துவிட்டோம்.

டிஸ்ப்ளே மேனேஜர் தேவையே இல்லை, எழுத்துத் திரையில் உள்ளே நுழைந்தபின் வரைகலைத் திரையைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளை போதும் என்று இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். நானும் வீட்டு டெபியன் லினக்ஸில் இரண்டு மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன். தனி ஆளுக்குச் சரி. ஒருநாள் அம்மா உட்கார்ந்தார். கருப்புத் திரை, ஓரத்தில் மினுக்கும் கோடு, கடவுச்சொல்லை அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை கெட்டுப்போச்சு என்று எழுந்துவிட்டார். கன்சோல் எனும் லினக்ஸின் வெறும் எழுத்துத் திரையில் தமிழ் எழுத்து ஒழுங்காக வராது, அதனால் தமிழில் வழிகாட்டவும் முடியாது. க்னோம் பணிச்சூழல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஜிடிஎம்மை எடுத்தால் அதன் திரைப்பூட்டும் வேலை செய்யாது. பலர் புழங்கும் கணினிக்கு டிஸ்ப்ளே மேனேஜர் கட்டாயம் வேண்டும் என்பதே என் கட்சி.

அதற்காக 'வரைகலை' என்பதைப் பெயருக்குள் கொண்டுவர வேண்டாம். 'லை' என்ற நிரல் முழுக்க எழுத்துத் திரையிலேயே ஓடுகிறது, அதுவும் டிஸ்ப்ளே மேனேஜர்தான்.

அதனால்தான் 'புகுமுகம்'. புகுமுக வகுப்பு படித்தவர்களுக்குப் பழகிய சொல், லாகினுக்கு வைத்த புகுபதிகையில் ஏற்கெனவே 'புகு' இருக்கிறது, இடைமுகம், முகப்பு எல்லாம் கூடப்பிறந்தவை. "புகுமுகத்தை மாற்று", "புகுமுகம் இல்லாமல் தொடங்கு" என்று மெனுவில் போட்டுப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக உட்காருகிறது!

சிக்கல் ஒன்று பாக்கி. கண்ணுக்குத் தெரியும் பகுதியைக் கிரீட்டர் என்று தனியாகச் சொல்கிறார்கள். புகுமுகம் என்பதை அதற்கு வைத்துக்கொண்டு, பின்னால் ஓடும் சேவையைப் 'புகுமுக மேலாளர்' எனலாமா? 'அமர்வு மேலாளர்' என்பது, உள்ளே நுழைந்தபின் நடக்கும் அமர்வைக் கவனிக்கும் செஷன் மேனேஜருக்குப் போய்விட்டதால் அந்தப் பக்கம் போக முடியாது. இதற்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.