அசையாமல் நிற்பவரை அறியும் சென்சார் எது?

மேலூர் ஆசிரியர்:
வணக்கம். மாங்குளம் தமிழிக் (தமிழ்-பிராமி) கல்வெட்டின் மாதிரியைப் பள்ளியின் பழைய வகுப்பறையில் வைத்து, எவரேனும் அருகில் வந்து நின்றால் எழுத்துகள் ஒவ்வொன்றாய் ஒளிர, 40 விநாடி வாசிப்பும் ஒலிக்கும்படி மாணவர்களுடன் சேர்ந்து அமைத்தோம். ஆளை அறிவதற்கு எச்.சி-எஸ்.ஆர்.501 என்னும் பி.ஐ.ஆர் (உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிரை உணரும்) சென்சாரையும், நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகையையும் பயன்படுத்துகிறோம். வந்தவர் நின்று கேட்கத் தொடங்கியதும் ஒலி பாதியில் நின்றுவிடுகிறது. சித்திரை வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஆள் வருவதையே சென்சார் கண்டுகொள்வதில்லை. சென்சார் பழுதாகிவிட்டதா?

ஒத்தக்கடை எலெக்ட்ரானிக்ஸ்:
பழுதில்லை, ஐயா. பி.ஐ.ஆர் சென்சாருக்குள் இருக்கும் இரண்டு உணர்பகுதிகளில் விழும் அகச்சிவப்புக் கதிரின் வேறுபாடு மாறும்போதுதான் அது ஆளிருப்பதாகச் சொல்லும். ஆள் அசையாமல் நின்றால் அந்த மாற்றம் இல்லை. ஓடு வேய்ந்த வகுப்பறை 36, 37 டிகிரிக்குச் சூடேறினால் உடலுக்கும் பின்னாலுள்ள சுவருக்கும் வெப்ப வித்தியாசமே மிஞ்சாது. கல்வெட்டைப் படிக்க வருபவர் நின்றுதானே படிப்பார்? அவரை அசையச் சொல்லும் சென்சார் வாசலுக்குப் பொருந்தும், இந்த இடத்துக்குப் பொருந்தாது. செலவின்றி இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒருமுறை தூண்டப்பட்டால், சென்சார் என்ன சொன்னாலும், 40 விநாடியும் முடியும்வரை நிறுத்தாதவாறு நிரலை மாற்றிவிடுங்கள்.

திருமங்கலத்திலிருந்து:
மீயொலி சென்சாரான எச்.சி-எஸ்.ஆர்.04 போதும் என்பேன். காதுக்குக் கேளாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு அது தொலைவை அளப்பதால் அசைவு தேவையில்லை. வெயிலில் ஒலியின் வேகம் கூடுவது உண்மைதான். 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், 38 டிகிரியில் ஏறத்தாழ 354 மீட்டர். ஒரு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் பிழை உங்கள் வேலைக்குப் பொருட்டல்ல.

ஒத்தக்கடை எலெக்ட்ரானிக்ஸ்:
வெப்பம் பொருட்டல்ல என்பது சரி. ஆனால் மடிப்பு விழுந்த பருத்திச் சேலையும் சாய்ந்து நிற்கும் தோளும் எதிரொலியைச் சரியாகத் திருப்புவதில்லை. அதனால் 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சாரான எல்.டி.2410-ஐப் பரிந்துரைக்கிறேன். மூச்சுவிடும்போது மார்பு அசைவதையே அது அறிந்துவிடும். தொலைவை 0.75 மீட்டர் அடுக்குகளாகப் பிரித்து, முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடலாம். மின்விசிறியையும் அது ஆளென்று எண்ணிவிடும் என்பதால், அதன் பார்வைக்குள் விசிறி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலூர் ஆசிரியர்:
நிரலை மாற்றியதும் காலை நேரச் சிக்கல் தீர்ந்தது. பிற்பகலுக்கு ரேடாரை வாங்கவிருக்கிறோம். ஒரு வகுப்பே கூட்டமாக வந்தால், ஒவ்வொருவர் நுழையும்போதும் வாசிப்பு முதலிலிருந்து தொடங்காதா?

ஒத்தக்கடை எலெக்ட்ரானிக்ஸ்:
தொடங்கவிடக் கூடாது. ஒலித்துக்கொண்டிருக்கையில் வரும் புதிய தூண்டலைப் புறக்கணித்து, இடம் ஐந்து விநாடி காலியாக இருந்த பிறகே அடுத்த வாசிப்புக்கு அனுமதியுங்கள்.