பழைய ஸ்டில்களில் உள்ள கார்களை வைத்துப் படத்தின் காலத்தைக் கணிக்க முடியுமா?

திருநகர் வாசகன் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் தாத்தா மதுரையில் எம்.ஆர். ஏரியா (மதுரை, ராமநாதபுரம்) பட விநியோகஸ்தர் ஒருவரிடம் பிரதிநிதியாக வேலை பார்த்தவர். படப்பெட்டியோடு ஊர் ஊராகச் சென்று, தியேட்டரில் உட்கார்ந்து வசூல் கணக்கைச் சரிபார்த்துத் திரும்புவார். அவர் வைத்திருந்த டிரங்குப் பெட்டியில் கறுப்பு வெள்ளை ஸ்டில்கள் ஒரு கட்டு இருக்கின்றன. எதிலும் படத்தின் பெயரோ கம்பெனியின் பெயரோ இல்லை. நடித்தவர்களின் முகங்களும் எங்களுக்குப் பிடிபடவில்லை. ஒரே படத்தைச் சேர்ந்தவை என்று உடைகளைக் கொண்டு உறுதியாகச் சொல்லக்கூடிய இரண்டு ஸ்டில்களில் மட்டும் கார்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன.

முதலாவதில், மலைப்பாதை ஓரம் முன்பக்கம் தெரியும்படி ஒரு கார் நிற்கிறது. அதன் பானட் வழுவழுப்பாக இல்லாமல், நீளவாக்கில் பள்ளம் விழுந்திருக்கிறது. இரண்டாவதில், பங்களா வாசலில் ஒரு பெரிய காரின் பின்பக்கம் தெரிகிறது. டிக்கிக்கு மேலே இருபுறமும் தகடு படுக்கைவாட்டில் விரிந்து நிற்க, அதற்குக் கீழே பூனைக் கண்ணைப் போன்ற நீண்ட விளக்கு பக்கத்துக்கு ஒன்றாக உள்ளது. முதலாவது லேண்ட்மாஸ்டர், இரண்டாவது இம்பாலா என்கிறார் அப்பா. படம் எந்த ஆண்டில் வந்திருக்கும் என்று இவற்றைக் கொண்டு சொல்ல முடியுமா?

பசுமலைக்காரர் எழுதியது:

பானட்டில் பள்ளம் இருக்கிறதென்றால் அது லேண்ட்மாஸ்டர் அன்று, முதல் அம்பாசிடர். உங்கள் அப்பா குழம்பியதில் வியப்பில்லை. இரண்டும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டிகள், இரண்டும் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் வந்தவை. 1954-இல் வந்த லேண்ட்மாஸ்டர், ஆக்ஸ்போர்டின் இரண்டாம் வரிசையைச் சார்ந்தது. அதன் பானட் மொழுமொழுவென்றிருக்கும், பின்பக்கம் சரிந்து இறங்கும், பின் கண்ணாடியும் சிறியது. 1957-இல் வந்த அம்பாசிடர் மூன்றாம் வரிசையைச் சார்ந்தது. பள்ளம் விழுந்த பானட்டும், பின்பக்கம் சற்றே எழும்பிய முனைகளும் அதில்தான் வந்தன. இனி கிரில்லைப் பாருங்கள். கம்பிகள் படுக்கைவாட்டில் ஓடினால் அம்பாசிடரின் முதல் மாடலான மார்க் ஒன்று. சிறு சிறு சதுரக் கட்டங்களாக இருந்தால் 1960களின் தொடக்கத்தில் வந்த மார்க் இரண்டு.

காரைக்குடி வாசி எழுதியது:

இரண்டாவது கார் 1959-ஆம் ஆண்டு மாடல் செவர்லே என்பதில் ஐயமே வேண்டாம், ஏனெனில் அந்தப் பூனைக்கண் விளக்கு அந்த ஓர் ஆண்டு மாடலுக்கு மட்டுமே உரியது. அடுத்த ஆண்டே வட்ட விளக்குகளுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் அதைக் கண்டதும் இம்பாலா என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்களே, அதை நான் ஏற்பதில்லை. பிஸ்கேன், பெல் ஏர், இம்பாலா என்ற மூன்று செவர்லே வகைகளுக்கும் அந்த ஆண்டு பின்பக்கம் ஒன்றுதான். இம்பாலா என்றால் பக்கவாட்டில் ஓடும் நிக்கல் பட்டையில் பெயரோடு குறுக்காக வைத்த இரண்டு கொடிகளின் சின்னம் இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பிளஷர் கார்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு வண்டியை அதன் சரியான பெயரால் குறிப்பிடுவது முக்கியமாகப் படுகிறது.

படத்தின் காலத்தைப் பொறுத்தவரை, கார் ஒரு பக்கத்து எல்லையைத்தான் தரும். படம் 1959-க்கு முந்தியதாக இருக்க முடியாது. எவ்வளவு பிந்தியது என்பதைக் கார் சொல்லாது. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் பாகங்களைப் பூட்டிக் கார்களாக்கி விற்றுவந்து, 1954-இல் கடையைக் கட்டிவிட்டது. அதன் பிறகு அந்நியச் செலாவணி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, வெளிநாட்டுக் கார் எளிதில் கிடைக்கவில்லை. தூதரகத்தார் பயன்படுத்திவிட்டு விற்றவை போன்ற சில வண்டிகளே கைமாறிக் கைமாறி இங்கே வந்தன. ஆகவே 1959 மாடல் கார் பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு கதாநாயகனின் பங்களா வாசலுக்கு வந்திருக்கவும் கூடும்.

சோழவந்தான் ரசிகர் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு நம்பர் பிளேட்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். எம்.எஸ். என்று தொடங்கினால் அன்றைய சென்னை மாநிலப் பதிவு; எம்.ஒய். மைசூர், கே.எல். கேரளம். படப்பிடிப்புக்காகப் பலகையை மாற்றுவதும் உண்டு என்பதால் துணைச் சான்றாக மட்டும் கொள்ளலாம்.

மற்ற ஸ்டில்களில் கார்கள் அரைகுறையாகத் தெரிந்தாலும் விட்டுவிட வேண்டாம். செவர்லே, பிளைமவுத் ஆகியவற்றின் முன் கண்ணாடி 1952 மாடல் வரை நடுவில் கம்பி வைத்து இரண்டு துண்டாக இருந்தது. 1953-இல் ஒரே துண்டாயிற்று. 1955-இல் ஓரங்களில் வளைந்து பக்கவாட்டுக்குத் திரும்பியது. செவர்லேயில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு முன்விளக்குகள் இருந்தால் 1958 அல்லது அதற்குப் பிந்திய மாடல். ஆனால் ஓட்டுநரின் முகம் அருகில் தெரியும் காட்சியில் மட்டும் கண்ணாடியை நம்பாதீர்கள். அத்தகைய காட்சிகளை ஸ்டூடியோவுக்குள் காரை நிறுத்தி, பின்னால் திரையில் சாலையை ஓடவிட்டு எடுப்பார்கள். விளக்கொளி பட்டுத் தெறிக்காமல் இருக்க முன் கண்ணாடியைக் கழற்றிவிடுவதும் உண்டு.

திருநகர் வாசகன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்தோம். மலைப்பாதைக் காரின் கிரில்லில் படுக்கைக் கம்பிகளே ஓடுகின்றன. ஆக, அது மார்க் ஒன்று. பெரிய காரின் நம்பர் எம்.எஸ். என்று தொடங்குகிறது, மூன்றாவது எழுத்தைக் கதாநாயகியின் சேலைத் தலைப்பு மறைத்திருக்கிறது. பக்கவாட்டுப் பட்டை இந்தக் கோணத்தில் தெரியவில்லை என்பதால் 1959 செவர்லே என்று மட்டும் குறித்துக்கொண்டேன். அந்த ஸ்டில் கட்டுக்குள் வேறொரு ஸ்டில்லில், கதவைத் திறந்து ஒருவர் இறங்கும் ஃபியட் கார் இருக்கிறது; முன்கதவின் கீல் பின்பக்கமாக, நடுத்தூணில் பொருத்தப்பட்டிருக்கிறது. இதைக் கொண்டும் ஆண்டைச் சொல்ல வழியுண்டா?

பசுமலைக்காரர் எழுதியது:

உண்டு. பிரீமியர் நிறுவனம் 1954 முதல் தந்த ஃபியட் 1100-இல் முன்கதவு அப்படித்தான் திறக்கும். 1964-இல் வந்த அடுத்த ஃபியட் மாடலான டிலைட்டிலும், பின்னாளில் பத்மினி என்று பெயர் பெற்ற அதே வண்டியிலும் கீல் முன்பக்கம் இருக்கும். எனவே உங்கள் ஃபியட் டிலைட்டுக்கு முந்தியது. அந்த ஸ்டில்லும் இதே படத்தைச் சேர்ந்ததுதானா என்பதை உடைகளைக் கொண்டு பார்த்துச் சொல்லுங்கள். பழைய ஃபியட் பிறகும் ஓடியிருக்கும் என்பதால் இது உறுதியான எல்லை அன்று; ஆனாலும், அப்படியானால் 1959-இலிருந்து 1964 வரை வந்த படங்களின் பாட்டுப் புத்தகங்களை முதலில் தேடிப் பார்க்கலாம்.